குடும்ப சாஃப்ட்வேர்

அவன் விற்றது கணக்குப் போடும் சாஃப்ட்வேர். கடைக் கணக்கு, வரிக் கணக்கு இல்லை. பொறியியல் கல்லூரிகளில் நுண்கணிதமும் சமன்பாடுகளும் போடுகிற, விலையைக் கேட்டதும் கல்லூரி முதல்வர்களே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற சாஃப்ட்வேர். அதற்குள் நடக்கும் கணக்கு எதுவும் அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை என்றாலே காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளும் பிள்ளை அவன். ஆனால் விற்கத் தெரியும். குதிரைச் சேணம் மாதிரி வளைந்த ஒரு பரப்பைத் திரையில் கொண்டுவந்து, மவுஸால் மெல்லச் சுழற்றி, "இதையே கையால வரையணும்னா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பான். மீதியை எதிரே இருப்பவர்களே பேசிக்கொள்வார்கள்.

அவனுடைய அக்கா அதே ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணிதத் துறைத் தலைவர். ஒரே வீடு, மாடியில் அக்கா, கீழே அவனும் அவன் மனைவியும். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது யாருக்கும் குறையாகவும் தெரியவில்லை. லீவு நாட்களில் மதியச் சாப்பாடு கீழே, மூன்று பேருமாக. அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது, அவனுக்கு முப்பத்தொன்பது. இன்னும் அவனை அவள் "சின்னவனே" என்றுதான் கூப்பிடுவாள்.

அவனுடைய முதல் பெரிய விற்பனை அக்காவின் கல்லூரிதான். வேலையில் சேர்ந்து பல மாதங்கள் ஒன்றும் நகராமல், சீட்டுக் கிழியப் போகிறது என்றிருந்த நேரம். அக்கா அவனை முதல்வரிடம் அழைத்துப்போய் உட்கார வைத்து, "பாருங்க, பிடிச்சா வாங்குங்க. என் தம்பிங்கிறதுக்காக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு விற்பனை கைவந்துவிட்டது. வருடா வருடம் அந்தக் கல்லூரி உரிமத்தைப் புதுப்பித்தது; அவனும் வருடா வருடம் ஒரு இனிப்புப் பெட்டியோடு போய்க் கையெழுத்து வாங்கி வந்தான்.

ஒரு வருடம் நிறுவனம் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கண்டபடி ஏற்றியது. அந்த லீவு நாளில் சாப்பாட்டு மேசையில் அக்கா சொன்னாள்.

"உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். அடுத்த வருஷத்துலேர்ந்து நாங்க இலவச சாஃப்ட்வேருக்கு மாறப்போறோம். காலேஜ் வாங்குற உரிமம் பாதி லேப்புக்குக்கூடக் காணல. பசங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உக்காந்து பழகுறாங்க. மிச்சப் பேர் எங்கேயோ திருட்டுக் காப்பி எடுத்துப் போட்டு, வைரஸோட வந்து நிக்கிறாங்க. இலவசம்னா அவங்கவங்க வீட்லயே வச்சுப் பழகலாம்."

"அதுக்கென்னக்கா, நல்லதுதானே" என்றான். சிரித்தான்கூட. அந்த ஒரு கல்லூரி போனால் அந்த வருட இலக்கு போச்சு என்று அவனுக்கு அப்போதே தெரியும்.

"உனக்குக் கஷ்டம்தான். தெரியும்" என்றாள் அக்கா.

"சேச்சே. எனக்கு ஊர்ல வேற காலேஜே இல்லையா?"

அதன் பிறகு சில வாரங்கள் அக்கா இரண்டாம் ஆண்டு வகுப்பில் இலவச சாஃப்ட்வேரை வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தாள். என்ன நடந்தாலும் லீவு நாளில் வந்து சொல்வாள். அக்கா கதை சொன்னால் கைதான் முதலில் பேசும். கரண்டியோ தட்டோ எது கிடைக்கிறதோ அது கரும்பலகையாகிவிடும். ஒருநாள் இப்படிச் சொன்னாள்:

"இந்த வாரம் என் மானம் கப்பலேறிடுச்சு. திரையில ஒரு தொகையீடு குடுத்தேன். சின்னதுதான், காலங்காலமா நடத்துறது. a-ன்னு ஒரு எண் இருக்கிற வளைகோடு, அது முடிவில்லாம போற வரைக்கும் கீழ இருக்கிற பரப்பு எவ்வளவுன்னு கண்டுபிடிக்கணும். உன் சாஃப்ட்வேர்ல குடுத்தா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பதில் வந்துடும். இது என்ன பண்ணுச்சு தெரியுமா? என்னையே திருப்பிக் கேள்வி கேட்டுச்சு! 'a பாசிட்டிவா, நெகட்டிவா, ஜீரோவா?'ன்னு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே ஓடல. ஏதோ தப்பா அடிச்சிட்டேன்னு நெனச்சு மறுபடி அடிச்சேன். மறுபடி அதே கேள்வி. பின்னாடி பெஞ்சுல ஒருத்தன், 'மேடம், அதுக்கும் பதில் தெரியாதாம், உங்களைக் கேக்குது'ன்னான். கிளாஸே சிரிச்சுது. நான் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே விட்டுட்டு வந்துட்டேன்."

அவன் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"ஆனா கேளு" என்றாள் அக்கா. "அது கேட்டதுதான் சரி. a பாசிட்டிவா இருந்தாத்தான் அந்தக் கோடு தரையை ஒட்டி இறங்கும், பரப்புக்கு ஒரு அளவு இருக்கும். நெகட்டிவா இருந்தா கோடு மேல ஏறிக்கிட்டே போகும், அளவே கிடையாது. இத்தனை வருஷமா நான் 'a பாசிட்டிவ்'னு ஓரமா ஒரு வரி எழுதிட்டு, அதைப் பத்திப் பேசாமயே போயிட்டிருந்தேன். மறுநாள் அந்தக் கேள்வியவே போர்டுல எழுதி, 'இது ஏன் கேக்குது, சொல்லுங்க'ன்னேன். ஒரு மணி நேரம் போனதே தெரியல. முதல் நாள் கிண்டல் பண்ணானே, அவன்தான் முதல்ல கண்டுபிடிச்சான்."

அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். முதல் பாதி அவன் மனதில் நன்றாகத் தங்கியது. இரண்டாம் பாதியும் புரியாமல் போகவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

புதுப்பிக்கும் காலம் நெருங்கியதும் மேலாளர் போனில் பிடித்துக்கொண்டார்.

"உங்க அக்கா காலேஜே கைவிட்டுப் போச்சுன்னா வெளியில தலை காட்ட முடியுமாய்யா? மத்த காலேஜ்ல என்ன கேப்பான்? சொந்த அக்காவே வேண்டாம்னுட்டாங்கன்னுதானே? முதல்வரைப் பாரு. வாங்குறதைத் தீர்மானிக்கிற கமிட்டியில பேச டைம் கேளு. எப்படியாவது முடி."

நேரம் கிடைத்தது. முதல்வரின் அறையில் நீள மேசை. முதல்வர், இயந்திரவியல் துறைத் தலைவர், கணக்கு அலுவலர், அக்கா. அக்கா அவனைப் பார்த்து, வீட்டில் சிரிக்கிற மாதிரியே லேசாகச் சிரித்தாள். அவன் வந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. அவன் வேலை அது என்று நினைத்திருப்பாள்.

அக்கா முதலில் பேசினாள். செலவு, மாணவர்கள், வீட்டில் பழகும் வசதி. முதல்வர் தலையாட்டியதைப் பார்த்தபோதே அவனுக்குக் காரியம் கைமீறுவது தெரிந்தது. அவன் முறை வந்தது. வழக்கமான பரப்பைச் சுழற்றிக் காட்டினான். யாரும் அசரவில்லை, பல வருடம் பார்த்ததுதான். உதவி மையம், பயிற்சி என்றெல்லாம் சொன்னான். இயந்திரவியல் தலைவர் கொட்டாவியை மறைத்தார்.

அப்போதுதான் அது அவன் வாயில் வந்தது. யோசித்துச் சொன்னான் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் சொன்னான் என்றும் சொல்ல முடியாது.

"இலவசம் நல்லதுதான் சார். ஆனா கிளாஸ்ல என்ன ஆகுதுன்னும் பாக்கணும். உங்க இரண்டாம் ஆண்டுலயே நடந்தது. ஒரு சாதாரண கணக்கைக் குடுத்தா, அது பதில் சொல்லாம டீச்சரையே திருப்பிக் கேள்வி கேக்குது. 'பாசிட்டிவா, நெகட்டிவா, நீயே சொல்லு'ங்குது. டீச்சர் பாவம், திரும்பத் திரும்ப அடிச்சுப் பாத்துட்டு, மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே கிளாஸை விட்டுட்டுப் போயிட்டாங்க. பசங்க சிரிக்கிறாங்க. காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் பதில் சொல்லும் சார். பரீட்சை வைக்காது."

இயந்திரவியல் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். கணக்கு அலுவலரும் சிரித்தார். முதல்வர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு, "நம்ம காலேஜ்லயா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "நான்தான் சொன்னேன் சார். அந்த டீச்சர் நான்தான். வீட்ல, சாப்பிடும்போது சொன்னேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா விளக்கம் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். மறுநாள் வகுப்பைப் பற்றிச் சொல்வாள், அந்தக் கேள்விதான் சரி என்று சொல்வாள். அவள் சொல்லவில்லை. தன் முன்னால் இருந்த தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டி, விளிம்பு சரி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் அப்பா அடித்தால்தான் அப்படிச் சிவக்கும்.

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பாப்போமே" என்றார் முதல்வர் யாரையும் பார்க்காமல். "இப்போதைக்குப் பழசே இருக்கட்டும்."

வெளியே நடையில் முதல்வர் அவன் கூடவே கொஞ்ச தூரம் வந்தார். தணிந்த குரலில் சொன்னார்: "உங்க அக்கா இதுல இவ்வளவு பிடிவாதமா இருந்ததுக்கு வேற காரணமும் உண்டுன்னு நெனக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்டாஃப் ரூம்ல இதுக்கு 'குடும்ப சாஃப்ட்வேர்'னு பேரு. ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் அக்கா வாங்க, தம்பி விக்கன்னு ஒரு பேச்சு கிளம்பும். அவங்க காதுபடவே பேசுவாங்க. நான் எத்தனையோ தடவை கண்டிச்சிருக்கேன்."

அவனுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. இனிப்புப் பெட்டியோடு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்து, எல்லோருக்கும் நீட்டி, "எடுத்துக்கங்க மேடம், எடுத்துக்கங்க சார்" என்று பல்லைக் காட்டியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது, தன் சாமர்த்தியத்துக்கு என்று அவன் நினைத்திருந்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் மேலாளர் போன் வந்தது. "புலிய்யா நீ! அக்காவையே மடக்கிட்டியாமே!"

"யார் சார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. விடு, அதுவா முக்கியம்?"

வீட்டில் மனைவியிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். மறைத்தால் மாடியிலிருந்து தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அவள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி நம்மளை நம்பி, சிரிக்கச் சிரிக்கச் சொன்னதுங்க அது. தட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போய் வித்துட்டு வந்திருக்கீங்க."

"வாய் தவறி..."

"வாய் தவறினா முழுசால்ல தவறியிருக்கும். மறுநாள் நடந்தது மட்டும் எப்படி ஞாபகமா உள்ளயே நின்னுச்சு?"

அடுத்த லீவு நாளில் அக்கா சாப்பிட வரவில்லை. தலைவலி என்று மனைவிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதற்கடுத்த லீவு நாளில், வெளியே வேலை என்று. மாடிப்படியில் அவள் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டால், அவன் கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போய்விடுவான். தன் வீட்டிலேயே ஒளிந்து நடக்கிறோமே என்று தோன்றும். ஆனாலும் அடுத்த முறை சத்தம் கேட்டதும் கால் தானாக உள்ளே போகும்.

கடைசியில் ஒரு சாயங்காலம் மாடி ஏறினான். கதவு திறந்தே இருந்தது. அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "வா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் நின்றான்.

"அக்கா, மன்னிச்சிடு."

சிவப்புப் பேனா இரண்டு வரி நகர்ந்தது. பிறகு மூடியைப் போட்டாள்.

"நீ பொய் சொல்லியிருந்தா நான் அங்கயே பதில் சொல்லியிருப்பேன்டா. நீ சொன்னது உண்மை. பாதி உண்மை. அதுக்கு நான் என்ன சொல்ல? மீதிய நான் எடுத்துச் சொன்னா, அக்காவும் தம்பியும் அங்கயே சண்டை போடுறாங்கன்னு அதுக்கும் ஒரு பேரு வைப்பாங்க."

"குடும்ப சாஃப்ட்வேர்னு பேசுறாங்கன்னு நீ ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டதே என்ற வலி அவள் முகத்தில் இருந்தது. கோபத்தைவிட அதுதான் அவனைக் குத்தியது.

"சொன்னா நீ அந்த காலேஜுக்குள்ள கால் வைக்கக் கூச்சப்படுவ. அப்புறம் உன் வேலை நிலைக்கணுமே" என்றாள்.

அவன் அழுதுவிடுவோம் என்று பயந்து சுவரைப் பார்த்தான். "நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"என்கிட்ட மன்னிப்பு கேட்டு என்ன ஆகப்போகுது? நான் உன் அக்கா, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் பேசத்தான் போறேன். அவங்க சிரிச்சது அந்த ரூம்ல. சொல்றதா இருந்தா மீதிய அங்க போய்ச் சொல்லு. சொல்லாட்டியும் நான் கேக்கமாட்டேன்."

போகாமல் இருக்க அவனிடம் எத்தனையோ காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். எதுவும் அரை நாள்கூடத் தாங்கவில்லை. முதல்வருக்குப் போன் செய்தான். வேறு ஏதோ விஷயத்துக்குக் கமிட்டி கூடும் நாளில் ஐந்து நிமிடம் தருவதாகச் சொன்னார்.

அதே நீள மேசை. அதே நான்கு பேர். இந்த முறை லேப்டாப்பைத் திறக்கவில்லை. அவன் நின்றதும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போன தடவை நான் ஒரு சம்பவம் சொன்னேன். அதுல பாதிய விட்டுட்டேன்" என்று தொடங்கினான். "அந்த சாஃப்ட்வேர் கேட்ட கேள்வி... அது கேக்க வேண்டிய கேள்விதான் சார். a பாசிட்டிவா இருந்தாத்தான் அந்தப் பரப்புக்கு அளவு உண்டு. நெகட்டிவா இருந்தா... கோடு வந்து... மேல போயிடும். அளவு கிடையாது. மேடம் மறுநாள் அந்தக் கேள்விய வச்சே பாடம் நடத்துனாங்க. பசங்க நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. இதையும் சேத்துத்தான் என்கிட்ட சொன்னாங்க."

நடுவே இரண்டு இடத்தில் வார்த்தை தடுக்கியது. எடுத்துக் கொடுக்க அக்கா திரும்புவாள் என்று பார்த்தான். அவள் திரும்பவில்லை.

இயந்திரவியல் தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப உங்க சாஃப்ட்வேர் கேக்காதா? அது தப்பா?"

"தப்பில்ல சார். எங்களோடது கேக்காது. பதிலைக் குடுத்துட்டு, பக்கத்துல நிபந்தனைய எழுதிடும். அது கண்ணுல படாம பதிலை மட்டும் எடுத்துட்டுப் போறதும் நடக்கும்."

"இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, வழியெல்லாம் ஒரு நாசூக்கான பதிலைத் தயார் செய்து வந்திருந்தான். அது வாயில் வரவில்லை.

"சொன்னா ஆர்டர் போயிடும்னு சொல்லல சார்."

கணக்கு அலுவலர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சொந்தக்காரன் ஒருவன் தெருவில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பதைக் கண்டும் காணாமலும் போகிற முகம் அது. தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. முதல்வர் மட்டும், "சரி, சொன்னதுக்கு நன்றி" என்றார். அவன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை. அதுவரை அவன் என்ன மாதிரி ஆள் என்று வீட்டுக்குள் மட்டும்தான் தெரிந்திருந்தது; இப்போது அந்த அறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

பணம் இன்னும் கட்டியிருக்கவில்லை. கல்லூரி தன் முடிவை மாற்றிக்கொண்டது. இயந்திரவியல் ஆய்வகத்துக்கு மட்டும் சில உரிமங்கள். கணிதத் துறை முழுக்க இலவச சாஃப்ட்வேர். மேலாளர் அவனைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. "நீ நல்லவன்தான்யா. ஆனா நல்லவன்கிட்ட ஏரியாவைக் குடுத்துட்டு நான் என்ன பண்ண?" என்று மட்டும் கேட்டார். அதே நிறுவனத்தில் ஆய்வகத் தராசு விற்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. தராசில் திரையில் சுழற்ற ஒன்றும் இல்லை. வைத்தால் எடை காட்டும், அவ்வளவுதான்.

அக்கா மறுபடி லீவு நாட்களில் சாப்பிட வந்தாள். அவள் சொன்னபடியே பேசினாள். தராசு வியாபாரம் எப்படி என்று விசாரித்தாள், அவன் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருப்பதைக் காட்டினாள், குழம்பில் உப்புக் கூட என்றாள். கல்லூரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை அவனாகவே, "கிளாஸெல்லாம் எப்படிக்கா போகுது?" என்று கேட்டான். "ம், போகுது" என்றாள். கரண்டி தட்டின் ஓரத்தில் அசையாமல் இருந்தது.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு லீவு நாள் காலை. அவன் குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் மனைவியின் சிரிப்புக் கேட்டது. கூடவே அக்காவின் குரல்: "...கேளேன், அந்தப் பொண்ணு எழுந்து, 'மேடம், இந்த சாஃப்ட்வேரை நாமளே மாத்தி எழுதலாமா, யாரும் தடுக்கமாட்டாங்களா'ன்னு கேக்குறா. யாரும் தடுக்கமாட்டாங்கன்னேன். அவ முகத்தைப் பாக்கணுமே நீ..."

அவன் துண்டோடு நிலைப்படியில் நின்றான். அக்காவின் முதுகு தெரிந்தது. கை காற்றில் எதையோ வரைந்துகொண்டிருந்தது. தரையில் அவன் நிழல் விழுந்ததோ என்னவோ, கை பாதியில் நின்றது.

"பால் பொங்குது பாரு" என்றாள் அக்கா மனைவியிடம். அடுப்பில் பால் இல்லை.

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் திரும்பி, சட்டையை மாட்டிக்கொண்டு, "கடை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான். வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. வாசல் கேட்டைத் திறந்து, வெளியே போய்ச் சத்தம் வர மூடினான். சுற்றுச்சுவர் ஓரமாக, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நின்றான்.

பிறகு உள்ளே அக்காவின் குரல் மெதுவாக ஆரம்பித்தது, ஏறியது, மனைவி சிரித்தாள். வார்த்தை எதுவும் அவனுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் முயலவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று தெருக்கோடி வரை நடந்தான்.